குட்கா விற்றுப் பூட்டப்பட்ட கடைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மளிகைக் கடை, டீக்கடை, பெட்டிக்கடை நடத்துபவர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துத் தரும் வேலையில் இருக்கிறேன். புகையிலை விற்றுப் பிடிபட்டு, கடை பூட்டப்பட்ட பிறகு வருபவர்கள் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தக் கடைகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பெற்றோரும் வேறு சில கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத் தமிழ்நாட்டு நிலவரத்தை இங்கே எழுதியிருக்கிறேன். பொதுவான விளக்கம்தான் இது. உங்கள் கையில் நோட்டீஸ் இருந்தால், அதில் உள்ள பிரிவு எண்களோடு ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

எதை விற்கக் கூடாது? சிகரெட், பீடியும் இதில் சேருமா?

சேராது. வாயில் போட்டு மெல்லும் புகையிலைக்குத்தான் தடை. குட்கா, புகையிலை கலந்த பான் மசாலா, வாசனை சேர்த்த மெல்லும் புகையிலை எல்லாம் இதில் வரும். ஹான்ஸ், கூல் லிப் என்று கடையில் பெயர் சொல்லிக் கேட்பவையும் இதில்தான் அடக்கம். 2013 மே மாதம் தமிழ்நாடு உணவு பாதுகாப்பு ஆணையர் முதல் தடையாணையைப் பிறப்பித்தார். அன்றிலிருந்து ஆண்டுதோறும் அதை நீட்டித்து வருகிறார்கள். தயாரிப்பது, சேமித்து வைப்பது, வண்டியில் கொண்டுபோவது, விநியோகிப்பது, விற்பது எல்லாமே தடைக்குள் வரும். "விற்கவில்லை, உள்ளே வைத்திருந்தேன், அவ்வளவுதான்" என்ற பதில் அதனால் எடுபடாது.

பாக்கு ஒரு பாக்கெட்டிலும் புகையிலை இன்னொரு பாக்கெட்டிலும் தனித்தனியாக வந்தால் தப்பிக்கலாம் என்று சில சப்ளையர்கள் சொல்லித் தருகிறார்கள். வாங்குபவர் எளிதாகக் கலந்துகொள்ளும்படி தனித்தனியாகக் கட்டிய பொருளையும் சேர்த்தேதான் ஆணை எழுதப்பட்டிருக்கிறது.

அந்தத் தடையை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதாமே?

செய்தது உண்மை. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆணையரின் அதிகாரம் அதிகபட்சம் ஓராண்டுக்கான தற்காலிகத் தடைக்குத்தான், அதையே வருடா வருடம் நீட்டி நிரந்தரத் தடையாக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அரசு உச்ச நீதிமன்றம் போனது. அதே ஆண்டு ஏப்ரலில் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. சோதனையும் அபராதமும் அதன் பேரில்தான் தொடர்கின்றன. பாதிச் செய்தியை மட்டும் படித்துவிட்டுச் சரக்கு எடுத்துச் சிக்கியவர்கள் உண்டு.

பெட்டிக்கடைக்கு ஏது லைசென்ஸ்? எதை ரத்து செய்வார்கள்?

உணவுப் பொருள் விற்கும் எந்தக் கடையானாலும் உணவு பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006-இன் கீழ் வருகிறது. பெரிய கடைக்கு உரிமம், சின்னக் கடைக்குப் பதிவு. மிட்டாய், பிஸ்கட், வாழைப்பழம், டீ விற்றாலே பதிவு வேண்டும். சுவரில் மாட்டச் சொல்லி ஒரு சான்றிதழ் தருகிறோமே, அதுதான். குட்கா பிடிபடும்போது அதிகாரிகள் கைவைப்பதும் அதில்தான்.

பிடிபட்டால் என்ன நடக்கும்? இப்போது கடுமையாகிவிட்டதாகச் சொல்கிறார்களே?

ஆமாம், நிறையவே. முன்பு முதல் தடவைக்கு 5,000 ரூபாய் என்றிருந்தது. கட்டிவிட்டு மறுநாள் காலை கடை திறந்துவிடுவார்கள். அபராதத்தை வியாபாரச் செலவில் ஒன்றாக எழுதிக்கொள்பவர்களும் இருந்தார்கள். இப்போது முதல் முறை சிக்கினால் 25,000 ரூபாயும் 15 நாள் கடையடைப்பும். இரண்டாம் முறை 50,000 ரூபாய், 30 நாள். மூன்றாம் முறை ஒரு லட்சம் ரூபாய், 90 நாள். இதோடு பதிவு அல்லது உரிமத்தின் மீதும் நடவடிக்கை வரும்.

என்னைக் கேட்டால், இதில் வலிப்பது ரொக்கத்தைவிட நாள் கணக்குதான். 15 நாள் ஷட்டர் இறங்கியிருந்தால் காலை டீக்கு வருபவர் வேறு கடைக்குப் பழகிவிடுவார். கடனில் சரக்கு போட்ட ஏஜென்ட் வாசலில் வந்து நிற்பார். ஒட்டிய நோட்டீஸைத் தெருவே படிக்கும். ஒரு பாக்கெட்டில் கிடைக்கும் லாபத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சீல் வைப்பது, பதிவை நிறுத்தி வைப்பது, ரத்து செய்வது மூன்றும் ஒன்றா?

இல்லை. குழப்பம் அதிகம் வருவது இந்த இடத்தில்தான்.

சீல் என்பது இடத்தைப் பூட்டுவது. பொதுமக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து என்று மாவட்ட நியமன அலுவலர் (மாவட்டத்தில் உணவு பாதுகாப்புத் துறைக்குப் பொறுப்பான அதிகாரி) கருதினால், அதே 2006 சட்டத்தின் பிரிவு 34-இன்படி அவசரத் தடைக்கு நோட்டீஸ் கொடுத்து ஆணையரிடம் உத்தரவு பெறலாம். அந்தக் கட்டடத்தில் வியாபாரம் நடக்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள்.

நிறுத்தி வைப்பது உங்கள் சான்றிதழைப் பற்றியது. வழக்கமான முறையில் முதலில் குறைகளைச் சரிசெய்யச் சொல்லி ஓர் அறிவிப்பு வரும். சரிசெய்யாவிட்டால் பதிவு நிறுத்தப்படும். அதன் பிறகு மறு ஆய்வு செய்வார்கள். அப்போதும் திருந்தவில்லை என்றால், விளக்கம் கேட்டுவிட்டு ரத்து செய்வார்கள். ஆனால் பொதுநலன் கருதி, காரணத்தை எழுத்தில் பதிந்து, உடனடியாகவே நிறுத்தவோ ரத்து செய்யவோ விதிகள் இடம் கொடுக்கின்றன. புகையிலை விஷயத்தில் அதிகாரிகள் பெரும்பாலும் இந்த வழியைத்தான் எடுக்கிறார்கள். "எனக்கு முதலில் எச்சரிக்கை கொடுக்கவில்லை" என்று வாதாடுவது அதனால் எளிதல்ல.

நிறுத்தினாலும் ரத்தானாலும் கட்டிய கட்டணம் திரும்பாது, நஷ்ட ஈடும் கிடையாது.

பதிவைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள், கடையைப் பூட்டவில்லை. சோப்பு, சீப்பு, நோட்டுப் புத்தகம் விற்கலாமா?

சான்றிதழ் உணவு வியாபாரத்துக்கானது. நின்றுபோவதும் அதுதான். உணவல்லாத பொருளை விற்பதை இந்தச் சட்டம் தடுக்காது. ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் கடலை மிட்டாய் ஜாடி இருந்தால் உணவு வியாபாரம் நடப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். இடத்தையே பூட்டியிருந்தால் ஊசிகூட விற்க முடியாது.

சீல் வைக்கும்போது உள்ளே பால், முட்டை, காய்கறி இருந்தால்?

பூட்டுவதற்கு முன்பே கேளுங்கள். பதற்றத்தில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அதிகாரி பட்டியல் எழுதிக்கொண்டிருக்கும்போதே, "கெட்டுப்போகிற சரக்கை எடுத்துக்கொள்கிறேன் சார்" என்று சொன்னால் பொதுவாக விடுவார்கள். ஃபிரிட்ஜைக் காலி செய்யுங்கள். தயிர், மாவு பாக்கெட், கறிவேப்பிலைக் கட்டு என்று சின்னச் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் 15 நாள் கழித்து ஷட்டரைத் தூக்கும்போது அந்த நாற்றத்தில் மீதிச் சரக்கும் வீணாகியிருக்கும். கணக்கு நோட்டு, வங்கிப் புத்தகம், மாத்திரை எதுவும் உள்ளே விட்டுப்போகாதீர்கள். பறிமுதல் செய்த பொருளுக்கு எழுத்து மூலம் ரசீது கேட்டு வாங்குங்கள். எத்தனை பாக்கெட், என்ன எடை என்று அதில் இருப்பதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

சீலை நானே உடைத்துத் திறந்துவிட்டால்?

வேண்டாம். 15 நாளில் முடியும் விஷயம் நீதிமன்றம்வரை போய்விடும். பறிமுதல் செய்து வைத்ததை எடுத்தாலோ கலைத்தாலோ பிரிவு 60-இன்படி ஆறு மாதம்வரை சிறையும் இரண்டு லட்சம்வரை அபராதமும் உண்டு. அதிகாரியைத் தடுப்பது, மிரட்டுவது பிரிவு 62. அதற்கு மூன்று மாதம்வரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம். பின்பக்கக் கதவு வழியாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுப்பதும் வியாபாரம்தான்.

என் பதிவு ரத்தாகிவிட்டது. மனைவி பேரில், தம்பி பேரில் புதிதாக எடுத்துத் தர முடியுமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நான் செய்து தருவதில்லை.

பலரும் இதைத் தப்பு என்றே நினைப்பதில்லை. "கடை அவள் பேரில்தானே இருக்கப்போகிறது" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். நடப்பு என்ன? கடை அதே. பலகை அதே, கல்லாவில் உட்கார்வதும் அதே ஆள். மாறுவது சான்றிதழில் இருக்கும் பெயரும் ஆதார் எண்ணும்தான். விண்ணப்பத்தில் பொய்த் தகவல் தருவது தனிக் குற்றம் என்று பிரிவு 61 சொல்கிறது. மறுபடி பிடிபட்டால் வீட்டுப் பெண்மணியின் பேரில் வழக்கு வரும். ஒரு பாக்கெட்கூடத் தொடாதவர் விசாரணைக்குப் போய் நிற்பார். வீட்டில் இதை யாரும் முன்கூட்டி எண்ணிப் பார்ப்பதில்லை.

பதிவு என்பது இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கிற சொத்தும் அல்ல. உரிமையாளர் இறந்துபோனால் வாரிசு 90 நாளுக்குள் தன் பேருக்கு மாற்றக் கேட்கலாம், அதற்கு மட்டும் விதிகளில் வழி இருக்கிறது.

இதில் அரசும் ஒன்று செய்ய வேண்டும். புதிய விண்ணப்பம் வரும்போது, அதே முகவரியில் ரத்தான பதிவு ஏதாவது இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். கதவு எண்ணில் ஒரு 'ஏ' சேர்த்துவிட்டால் புது முகவரி போலத் தெரியும். ஆகவே நேரில் ஆய்வு செய்யாமல் அப்படிப்பட்ட இடத்துக்குச் சான்றிதழ் தரக் கூடாது. தண்டனை ஆளையும் இடத்தையும் சேர்ந்து தொடராதவரை, எத்தனை லட்சம் அபராதம் போட்டாலும் அது ஒரு காகிதத்துக்குப் போடும் அபராதமாகவே முடியும். முறையாக 15 நாள் மூடிக் கிடந்து, திருந்தித் திறந்த கடைக்காரருக்கும் இது அநியாயம். அவர் வாடிக்கையாளரை இழந்து நிற்பார். எதிர்க்கடைக்காரர் பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த வாரமே விற்றுக்கொண்டிருப்பார்.

அப்படியானால் முறைப்படி மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம்?

அறிவிப்பு, நிறுத்தம், மறு ஆய்வு என்று படிப்படியாகப் போய் ரத்தானால், ரத்தான நாளிலிருந்து மூன்று மாதம் கழித்துப் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று 2011-ஆம் ஆண்டு உரிம விதிமுறைகள் சொல்கின்றன. அறிவிப்பில் சொன்ன குறைகள் எல்லாம் சரியாகியிருக்க வேண்டும். விண்ணப்பம், உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கும் பதிவுக்குமான ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில்தான். சீல் வைத்த கடையானால், நாள் முடிந்ததும் தானாகத் திறந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். அபராதம் கட்டிய ரசீதோடு, இனி விற்கமாட்டேன் என்ற உறுதிமொழிக் கடிதத்தையும் நியமன அலுவலர் அலுவலகத்தில் கொடுத்து, திறக்க எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். அதிகாரி மாற்றலாகிப் போய்ப் புது ஆள் வந்தால் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

மேல்முறையீடு உண்டா?

உண்டு. பதிவை நிறுத்தினாலோ ரத்து செய்தாலோ, உத்தரவு கையில் கிடைத்த 15 நாளுக்குள் உணவு பாதுகாப்பு ஆணையரிடம் முறையிடலாம். அவர் முடிவே இறுதியானது. 15 நாள் சீக்கிரம் ஓடிவிடும். முதல் வாரம் கவுன்சிலரையும் தெரிந்த போலீஸ்காரரையும் பார்ப்பதிலேயே போய்விடுகிறது.

பிடித்தது புகையிலையே இல்லை, வெறும் பாக்குத்தூள் என்பது உங்கள் வாதமானால், ஆய்வக அறிக்கை வந்த 30 நாளுக்குள் அதை எதிர்த்து நியமன அலுவலரிடம் முறையிட்டு, மேல் ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்பச் சொல்லலாம்.

வேண்டுமென்றே பொய்யாகப் பிடித்திருந்தால்?

உரிய காரணமில்லாமல் தொந்தரவு கொடுக்கும் நோக்கில் பறிமுதல் செய்த அதிகாரிக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கப் பிரிவு 39 வழிசெய்கிறது. ஆனால் அதிகாரி மீது கொடுத்த புகார் பொய் என்று தெரிந்தால் புகார் கொடுத்தவருக்கு 50,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. கடையில் கேமரா இருந்தால் அன்றைய பதிவை உடனே நகல் எடுத்துவிடுங்கள்.

நான் ஊருக்குப் போயிருந்தேன். கடைப் பையன்தான் விற்றிருக்கிறான். எனக்கென்ன சம்பந்தம்?

பதிவு உங்கள் பேரில் இருக்கிறது, பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். தகுந்த முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்திருந்தேன் என்று காட்ட முடிந்தால் பிரிவு 80-இல் ஒரு தற்காப்பு இருக்கிறது. வாய்ப்பேச்சில் காட்ட முடியாது. சரக்கு வாங்கிய பில், வேலையாளுக்கு எழுதிக் கொடுத்த உத்தரவு என்று ஏதாவது வேண்டும். பெரும்பாலான கடைகளில் இரண்டுமே இருப்பதில்லை.

அப்புறம் ஒன்று. அந்தப் பையனுக்கு 18 வயது ஆகவில்லை என்றால், அவன் கையில் புகையிலையைக் கொடுத்து விற்கவைப்பது இன்னும் பெரிய வம்பு. சிறார் நீதிச் சட்டம் 2015-இல் பிரிவு 77, 78 இரண்டையும் உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் ஏழு ஆண்டுவரை கடுங்காவல் என்பது பிரிவு 77.

அபராதம் கட்டியாயிற்று. போலீஸ் வழக்கும் வருமா?

வரலாம். உணவு பாதுகாப்புத் துறை வேறு, காவல் துறை வேறு. இரண்டும் சேர்ந்து சோதனைக்கு வருவதால் மக்கள் ஒன்றென்று நினைக்கிறார்கள். சிகரெட் மற்றும் இதர புகையிலைப் பொருட்கள் சட்டம் 2003-இன்படி 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்றாலும், கல்வி நிலையத்துக்கு 100 கெஜத்துக்குள் விற்றாலும் குற்றம். அதற்கு அபராதம் 200 ரூபாய்தான். ஒரு பள்ளிக்கூட வாசலில் சிகரெட் விற்பதற்கு இன்றும் 200 ரூபாய் என்பது எனக்குச் சம்மதமே இல்லை.

உணவுச் சட்டத்தில் ஒரு முறை தண்டனை பெற்றவர் அதே குற்றத்தை மறுபடி செய்தால், பிரிவு 64-இன்படி தண்டனை இரட்டிப்பாகும். குற்றம் தொடர்ந்தால் நாளொன்றுக்கு ஒரு லட்சம்வரை கூடுதல் அபராதம் விதிக்கலாம். உரிமம் கட்டாயம் ரத்தாகும். குற்றவாளியின் பெயரையும் ஊரையும் அவர் செலவிலேயே செய்தித்தாளில் வெளியிடவும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

சிகரெட் விற்கத் தனி லைசென்ஸ் இல்லையா?

நாடு முழுவதற்கும் பொதுவான ஒன்று இல்லை. 2017 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. புகையிலை விற்பவர்களுக்கு உள்ளாட்சி அமைப்பு மூலம் தனி உரிமம் கொடுங்கள், அந்த உரிமம் வாங்கிய கடையில் மிட்டாய், சிப்ஸ், பிஸ்கட், குளிர்பானம் விற்க விடாதீர்கள் என்பது யோசனை. இமாச்சலப் பிரதேசம் அதற்கு முன்பே, 2016-இல், சிகரெட், பீடியைப் பாக்கெட்டைப் பிரித்து ஒன்றிரண்டாக விற்பதைத் தடுத்து, புகையிலைக் கடைகளைப் பதிவுக்குள் கொண்டுவரும் சட்டம் இயற்றிவிட்டது.

சின்னக் கடைக்காரர்கள் இந்த யோசனைக்குப் பயப்படுவது நியாயம்தான். மிட்டாயும் சிகரெட்டும் சேர்ந்துதான் அவர்கள் வருமானம். இருந்தாலும் மிட்டாய் ஜாடியும் சிகரெட் பெட்டியும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பத்து வயதுப் பிள்ளை தினமும் பார்க்கிறது. தனி உரிமம் வந்தால், அதை நிறுத்தி வைத்தாலும் கடையின் மற்ற வியாபாரம் பிழைக்கும். இப்போதோ புகையிலைக்குத் தண்டனையாக அரிசி, பருப்பு விற்பனையும் சேர்ந்து நிற்கிறது. அந்த வகையில் தனி உரிமம் கடைக்காரருக்கும் நல்லது என்பதே என் எண்ணம்.

வாடகைக்கு விட்ட கடையைப் பூட்டிவிட்டார்கள். நான் கட்டட உரிமையாளர், என்ன செய்வது?

நியமன அலுவலருக்கு ஒரு மனு கொடுங்கள். வாடகை ஒப்பந்தத்தின் நகலை இணைத்து, வியாபாரத்தில் உங்களுக்குப் பங்கில்லை என்பதை எழுதுங்கள். அடுத்த ஒப்பந்தத்தில், தடைசெய்யப்பட்ட பொருள் விற்றால் கடையைக் காலி செய்ய வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

சின்னக் கடைக்காரரைத்தான் பிடிக்கிறார்கள். மூட்டை மூட்டையாக இறக்குபவரை விட்டுவிடுகிறார்களே?

ஆதங்கம் புரிகிறது. கர்நாடகப் பக்கமிருந்து லாரியிலும் காரிலும் வரும் சரக்கு கிடங்கில் இறங்கி, டூவீலரில் கடை கடையாகப் போகிறது. கடைக்காரர் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. ஆனால் சங்கிலியில் வாங்குபவரின் முகத்தை நேரில் பார்ப்பவரும் அவர்தான். பள்ளிச் சீருடையில் ஒரு பையன் வந்து நிற்கும்போது கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது சப்ளையர் இல்லை. 2024-இல் மதுரைக் கிளை நீதிமன்றம் கூல் லிப் பற்றி அத்தனை கவலையோடு கேள்வி எழுப்பியது மாணவர்களிடம் அது பரவியிருந்ததால்தான். உதட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது ஆசிரியருக்குக்கூடத் தெரியாது.

பிடிபட்டால் சரக்கு யார் கொடுத்தது என்பதைச் சொல்லிவிடுங்கள். அவர் பேரைக் காப்பாற்றி உங்களுக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. உங்கள் அபராதத்தை அவர் கட்டமாட்டார்.

எங்கள் தெருவில் சீல் வைத்த கடை மறுபடி விற்கிறது. எங்கே புகார் செய்வது?

உணவு பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. கடையின் பெயர், தெரு, அடையாளத்துக்கு ஒரு கட்டடம், எந்த நேரத்தில் விற்கிறார்கள் என்பதை எழுதுங்கள். ஏற்கெனவே சீல் வைக்கப்பட்ட கடை என்பதை முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். பழைய நோட்டீஸின் படம் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள், இரண்டாம் முறைக் குற்றமாக எடுக்க அது உதவும். பலகையில் பெயர் மாறியிருந்தால் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் எழுதுங்கள். நீங்களே கடைக்குப் போய் வாங்கிப் பார்ப்பது, வீடியோ எடுக்கப் பிள்ளைகளை அனுப்புவது வேண்டாம்.